ஒரு பக்கம் போனால்: சர்வர்களுக்கு மின் வரம்பு வைக்கும் முறை

மின் வரம்பு என்றதும் பலருக்கும் கரண்ட் பில்தான் நினைவுக்கு வரும். வரம்பு வைத்தால் பில்லில் கொஞ்சம் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் பில்லுக்காக மட்டும் வரம்பு வைப்பவர்கள் மாதச் சராசரியைப் பார்த்து வைக்கிறார்கள். சராசரி நாளில் டேட்டா சென்டர் கவிழாது. ரேக்குக்கு வரும் ஏ, பி என்ற இரண்டு மின்பாதைகளில் ஒன்று செத்து, மொத்த லோடும் மற்றொன்றின் தலையில் ஏறுகிற சில நிமிடங்களில்தான் கவிழும். இந்த அத்தியாயத்தில் எல்லாக் கணக்கையும் அந்தச் சில நிமிடங்களை வைத்தே போடப்போகிறோம்.

முதலில் மூன்று எண்கள்

சர்வரின் பின்பக்கம் பவர் சப்ளை மேல் 800 வாட் என்று ஒட்டியிருக்கும். அந்தப் பவர் சப்ளையால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதை அது சொல்கிறது. உள்ளே இருக்கும் சிபியு, மெமரி, டிஸ்க், விசிறி எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடுக்கின்றன என்பது வேறு எண். லேபிளைக் கூட்டி ரேக்கை நிரப்பினால் பாதி ரேக் காலியாகவே கிடக்கும். லேபிளை அறவே மறந்து, மீட்டரில் இன்று தெரியும் எண்ணைக் கூட்டி நிரப்பினால் ஒரு நாள் பிரேக்கர் விழும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இந்த வேலையே.

கூகுளின் பொறியாளர்கள் ஃபேன், வெபர், பரோசோ மூவரும் 2007-இல் இதை ஆயிரக்கணக்கான சர்வர்களில் அளந்து வெளியிட்டார்கள். நன்றாக வேலை வாங்கப்படும் கிளஸ்டர்களில்கூட, எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொட்டால் வரக்கூடிய மொத்தத்துக்கும் உண்மையில் வந்த மொத்தத்துக்கும் இடையே 7 முதல் 16 சதவீதம் வரை இடைவெளி இருந்தது. முழு டேட்டா சென்டரை எடுத்தால் அது கிட்டத்தட்ட 40 சதவீதம். இதில் நமக்கு வேண்டிய பாடம், கூட்டம் பெரிதாகப் பெரிதாக உச்சங்கள் ஒன்றோடொன்று மோதுவது குறைகிறது என்பது. திருப்பிப் படித்தால், கூட்டம் சிறிதாக இருந்தால் மோதும். 16 சர்வர் உள்ள ஒரு ரேக்கில் பதினாறும் ஒரே சமயத்தில் உச்சத்துக்குப் போவது அதிசயமே இல்லை. ஒரே பேக்கப் இரவு 2 மணிக்குப் பதினாறிலும் தொடங்கினால் போதும்.

ஆகவே ஒவ்வொரு வகைச் சர்வருக்கும் மூன்று எண்களை நீங்களே அளந்துகொள்ளுங்கள்: சும்மா இருக்கும்போது எவ்வளவு, வழக்கமான வேலை நாளில் எவ்வளவு, முழுமூச்சில் ஓடும்போது எவ்வளவு. அளப்பதற்குப் பிஎம்சி போதும். சர்வர் மதர்போர்டில் தனியாக இயங்கும் மேலாண்மைச் சிப்பைத்தான் பிஎம்சி என்கிறோம். டெல் சர்வரில் அதன் பெயர் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ. அது காட்டும் எண்ணை, ரேக்கில் சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பிடியூ காட்டும் எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சில வாட் முன்பின் இருக்கலாம். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால், பிரேக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் பிடியூவை நம்புங்கள்.

முழுமூச்சு எண்ணை எடுக்க ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற கருவியால் சிபியுவையும் மெமரியையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் விசிறிகள் வேகம் எடுத்திருக்காது. விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும்; வேகம் 20 சதவீதம் கூடினால் மின்சாரம் 70 சதவீதத்துக்கு மேல் கூடும். ஏசி சரியில்லாத நாளில் ரேக்கின் லோடு தானாக ஏறுவதற்கு இதுதான் காரணம். குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரிக்குள் உங்கள் அறை இல்லையென்றால், அளவை அந்த வெப்பத்திலேயே எடுங்கள். குளிரான அறையில் எடுத்த எண் சூடான நாளில் கைகொடுக்காது.

பிரேக்கர் எப்போது விழும்

நம் ஊர் ரேக்குகளில் பரவலாக இருப்பது 230 வோல்ட், 32 ஆம்ப்ஸ் ஒற்றை ஃபேஸ். பெருக்கினால் 7,360. இது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பிரேக்கருக்கு ஆம்ப்ஸ் மட்டும்தான் தெரியும். நல்ல பவர் சப்ளைகளில் பவர் ஃபேக்டர் ஒன்றை ஒட்டியே இருக்கும். ஆனால் குறைந்த லோடில் அது இறங்கும், எனவே இரண்டும் ஒன்றே என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

32 ஆம்ப்ஸ் எம்சிபி பிரேக்கர் 33 ஆம்ப்ஸில் டப்பென்று விழாது. ஐஇசி தரத்தின்படி, குறித்த அளவைப் போல் 1.13 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரம் அது விழக்கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். இடைப்பட்டது எல்லாம் அந்தந்த எம்சிபியின் போக்கு, அன்றைய வெப்பம். இந்தக் கணக்கு 30 டிகிரிக்குப் போட்டது. ரேக்கின் பின்பக்கச் சூட்டில் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும் எம்சிபி அதைவிட முன்னதாகவே விழும். ஷார்ட் சர்க்யூட்டில் நொடிக்குள் விழுவது வேறு. அது காந்தச் சுருளின் வேலை. ஓவர்லோடில் வேலை செய்வது மெல்லச் சூடேறி வளையும் உலோகப் பட்டை.

இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கின்றன. நல்லது: நமக்கு நிமிடக் கணக்கில் நேரம் இருக்கிறது. சர்வரின் மின் வரம்பு சில நொடிகளில் வேலை செய்துவிடும் என்பதால் ஓட்டப்பந்தயத்தில் வரம்பே ஜெயிக்கும். கெட்டது: ஏ பக்கம் போய்ப் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காமல், எல்லோரும் பெருமூச்சு விட்டு, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று மெயில் அனுப்பிய பிறகு பி பக்கமும் விழும்.

ஆகவே தொடர்ந்து ஓடும் லோடை 80 சதவீதத்துக்குள் வையுங்கள். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் லோடுக்கு அமெரிக்க மின் விதிகள் வைத்த கட்டுப்பாடு இது. இங்கே சட்டம் இதே வடிவில் கேட்காவிட்டாலும் இதைவிட நல்ல விதி என் கண்ணில் படவில்லை. 32 ஆம்ப்ஸில் 80 சதவீதம் 25.6 ஆம்ப்ஸ், 230 வோல்ட்டில் 5,888. இதுதான் ரேக்கின் மொத்த வரவு. ஏ பக்கம் 5,888, பி பக்கம் 5,888 என்று இரண்டு வரவு கிடையாது. இந்த ஒரு வரியை மறந்ததால் விழுந்த ரேக்குகளை எண்ணி மாளாது.

ஒரு ரேக்கை எடுத்துக்கொள்வோம்

16 சர்வர், இரண்டு சுவிட்ச். சர்வர் ஒவ்வொன்றுக்கும் 800 வாட் பவர் சப்ளை இரண்டு, ஒன்று ஏ பக்கம், மற்றது பி பக்கம். அளந்ததில் சும்மா இருக்கும்போது 140 வாட், வேலை நாளில் 290, முழுமூச்சில் 520 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சுவிட்ச் ஒன்றுக்கு 150.

வேலை நாளில் ரேக்கின் மொத்தம்: 16 தரம் 290, கூட 300, ஆக 4,940 வாட். ஏறக்குறைய 21.5 ஆம்ப்ஸ். ஏ, பி இரண்டும் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு பிடியூவிலும் 11 ஆம்ப்ஸுக்குக் கீழேதான் தெரியும். 32 ஆம்ப்ஸ் பாதையில் 11 ஆம்ப்ஸ்! பார்க்கிற மேலாளர் இன்னும் பத்து சர்வர் போடலாமே என்பார்.

இப்போது எல்லாம் முழுமூச்சில் ஓடும் இரவில் ஏ பக்கம் போகட்டும். 16 தரம் 520, கூட 300, ஆக 8,620 வாட். பி பக்கத்தில் 37.5 ஆம்ப்ஸ், அதாவது 1.17 மடங்கு. மேலே சொன்ன இடைப்பட்ட மண்டலத்துக்குள் வந்துவிட்டோம். விழுமா, எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வரம்பு எவ்வளவு? வரவு 5,888. சுவிட்சுகளுக்கு 300 போய்விடும், அவற்றுக்கு வரம்பு வைக்க முடியாது. பவர் ஃபேக்டருக்கும் அளவீட்டுப் பிழைக்கும் சேர்த்து ஐந்து சதவீதம் போல 288 ஒதுக்குங்கள். மிச்சம் 5,300. பதினாறால் வகுத்தால் சர்வருக்கு 331 வாட்.

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் அதிகம். 290-க்கு மேலே 331 இருக்கிறதே, போதாதா? எல்லாச் சர்வரும் ஒரே வேலை செய்தால் போதும். ஆனால் பதினாறில் நான்கு டேட்டாபேஸ் சர்வர் என்றால் அவற்றின் கழுத்தைப் பிடிக்கக்கூடாது. நான்குக்கும் முழு 520 கொடுங்கள், 2,080 போயிற்று. மிச்சம் 3,220-ஐப் பன்னிரண்டுக்குப் பங்கிட்டால் தலைக்கு 268 வாட். வழக்கமான நாளின் 290-க்கும் கீழே! இந்த வரம்பை வைத்தால் தினமும் காலை பத்து மணிக்கே சர்வர்கள் மெதுவாகிவிடும்.

இப்படி வரும்போது வரம்போடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு சர்வரைக் கழற்றி அடுத்த ரேக்குக்குக் கொண்டுபோங்கள். இப்போது 3,220-ஐப் பத்துக்குப் பங்கிட்டால் 322. வேலை நாளில் கடிக்காது, உச்சத்தில் மட்டும் கடிக்கும். வரம்பின் இடம் அதுதான். வழக்கமான வேலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் வரம்பு, ரேக்கில் சர்வர் கூடிவிட்டது என்பதற்கான அறிகுறி.

மூன்று ஃபேஸ் ரேக் என்றால் இதே கணக்கை ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து ஒரு ஃபேஸ் மட்டும் நிரம்பி வழிவது சர்வசாதாரணம்.

எண்ணை எங்கே எழுதுவது

முழுச் சர்வருக்கான வரம்பைப் பிஎம்சியில் வையுங்கள். பழைய சர்வர்களில் ஐபிஎம்ஐயின் டிசிஎம்ஐ கட்டளை வழியாகவும், 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் தரத்தைப் பேசும் சர்வர்களில் அதன் வழியாகவும் வைக்கலாம். நூறு சர்வர் இருந்தால் ரெட்ஃபிஷ்ஷுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்வது நல்லது; நூறு முறை உலாவியைத் திறந்தால் எங்கோ ஓரிடத்தில் 322-க்குப் பதில் 232 விழும். சில நிறுவனங்கள் இந்த வசதியை உயர் உரிமத்தில்தான் தருகின்றன. சர்வர் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் விலை வேறாக இருக்கும்.

வரம்பு வைக்கும் இடத்தில் வாட் எண்ணோடு இன்னும் இரண்டு கேள்விகள் வரும். எத்தனை மில்லிநொடிக்குள் வரம்புக்குள் வர வேண்டும் என்பது ஒன்று. வர முடியாவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதில் கவனம். ஒன்றும் செய்யாதே, பதிவில் மட்டும் எழுது, உடனே மின்சாரத்தை நிறுத்து என்ற தெரிவுகள் இருக்கும். மூன்றாவதைத் தொடாதீர்கள். வரம்பை 322 என்று வைத்து, விசிறிகள் ஓடும் ஓட்டத்தில் சர்வரால் 330-க்குக் கீழே வர முடியவில்லை என்றால், எட்டு வாட்டுக்காகப் பிஎம்சி சர்வரையே அணைத்துவிடும். பிரேக்கர் விழாமல் காப்பாற்ற வைத்த வரம்பு, பிரேக்கர் செய்யும் வேலையைத் தானே செய்துவிடும்.

எந்தச் சர்வருக்கும் ஒரு தரை உண்டு. சிபியுவை எவ்வளவு அடக்கினாலும் மெமரி, டிஸ்க், விசிறி, நெட்வொர்க் கார்டு தின்பதைக் குறைக்க முடியாது. அந்தத் தரைக்குக் கீழே வரம்பு வைத்தால் சில பிஎம்சிகள் ஏற்காது. சில ஏற்றுக்கொண்டு, பின்பற்ற முடியாமல் எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருக்கும்.

சிபியுவுக்கு மட்டும் வரம்பு வைக்க வேறு வழி இருக்கிறது. 2011-இல் சாண்டி பிரிட்ஜ் சிப்களோடு இன்டெல் கொண்டுவந்த ராப்பல் அது. லினக்ஸில் பவர்கேப் என்ற அடைவில் கோப்புகளாகத் தெரியும். நீண்ட நேரத்துக்கு ஒரு வரம்பு, குறுகிய நேரத்துக்குச் சற்று உயர்ந்த இன்னொரு வரம்பு. அங்கே அலகு மைக்ரோவாட். 150 வாட் வேண்டுமென்றால் 15-க்குப் பின்னால் ஏழு சுழியம். 2020-இல் இந்த மின் அளவுகளைப் படித்தே ரகசியச் சாவிகளை ஊகிக்கலாம் என்று பிளாட்டிபஸ் தாக்குதல் காட்டியதிலிருந்து, லினக்ஸில் ரூட் தவிர யாரும் அவற்றைப் படிக்க முடியாது. உங்கள் மானிட்டரிங் கருவி திடீரென்று வெறும் கோடு காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். ராப்பலை நான் சோதனைக்குத்தான் பயன்படுத்தச் சொல்வேன். ரீபூட் ஆனால் மறைந்துவிடும், விசிறி ஏறுவதும் டிஸ்க் ஏறுவதும் அதற்குத் தெரியாது.

வரம்பு வைத்தால் வேகம் எவ்வளவு போகும் என்று எல்லோரும் கேட்பார்கள். பயப்படும் அளவுக்குப் போகாது. அதிர்வெண்ணை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்தேவை அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகையால் டர்போவின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் இருப்பதிலேயே விலை கூடியது. வரம்பு முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

மெதுவானது யாருக்குத் தெரியும்

வரம்பு கடிக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. சர்வர் உயிரோடு இருக்கும், பிங் போகும், சிபியு பயன்பாடு வழக்கத்தைவிட உயரும், வேலை மட்டும் மெதுவாகும். சிபியு மெதுவாக ஓடுவதால் அதே வேலைக்கு அது அதிக நேரம் பிஸியாக இருக்கிறது. வரைபடத்தில் அது டிராஃபிக் கூடியதுபோலத் தெரியும். அப்ளிகேஷன் குழு தங்கள் கோடில் தேடும், டேட்டாபேஸ் குழு இன்டெக்ஸில் தேடும். இரவு முழுக்கத் தேடிவிட்டுக் காலையில் ஒருவர் சிபியு அதிர்வெண்ணைப் பார்ப்பார்.

ஆகவே வரம்பு கடிக்கும் செய்தி மின்சாரக் குழுவோடு நின்றுவிடக்கூடாது. பிஎம்சியின் எச்சரிக்கையை அப்ளிகேஷன் குழுவின் திரையிலும் வரும்படி செய்யுங்கள். சர்வரில் விர்ச்சுவல் மெஷின்கள் ஓடினால் இது இன்னும் முக்கியம். வரம்பு சர்வர் முழுமைக்கும் விழும். உள்ளே எந்த மெஷின் சத்தம் போட்டது, எது அமைதியாக இருந்தது என்று அது பார்க்காது. கைகட்டி உட்கார்ந்திருந்த மெஷினும் சேர்ந்தே மெதுவாகும். சராசரி வேகத்தில் ஒன்றும் தெரியாமல், நூறில் ஒரு கோரிக்கை மட்டும் நெடுநேரம் தொங்குவதாக முதல் புகார் வரும்.

ஸ்டோரேஜ், ஃபயர்வால், பிஎம்சிகளைக் கண்காணிக்கும் மேலாண்மைச் சர்வர் ஆகியவற்றுக்கு வரம்பு வேண்டாம். அவற்றின் உச்சத்தைக் கணக்கில் முழுதாக எழுதிவிடுங்கள்.

ரேக்குகள் நிறைய இருந்தால்

மேலே சொன்னது நிலையான வரம்பு: ஒருமுறை வைத்தால் அப்படியே இருக்கும். பத்து, இருபது ரேக் வரைக்கும் அதுவே நல்லது. எளிமையானது, இரவில் தானாகக் கெட்டுப்போகாது. நூற்றுக்கணக்கில் போனால் கதை வேறு. ஃபேஸ்புக் நிறுவனம் 2016-இல் டைனமோ என்ற தன் அமைப்பைப் பற்றி எழுதியபோது, தன் டேட்டா சென்டரின் மின் அடுக்குகளை விவரித்திருந்தது: ரேக்குக்கு 12.6 கிலோவாட், ஒரு வரிசைக்கு மின்சாரம் தரும் பலகைக்கு 190 கிலோவாட், அதற்கு மேலே 1.25 மெகாவாட், அதற்கும் மேலே 2.5 மெகாவாட். ஒவ்வொரு மட்டத்திலும் கீழே உள்ளவற்றின் கூட்டுத்தொகை மேலே உள்ளதைவிடப் பெரிது. எல்லாம் ஒரே நேரத்தில் கேட்காது என்ற கணிப்பில் கட்டியது.

டைனமோவில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன ஏஜென்ட் உட்கார்ந்திருக்கும். கடைசி மட்டத்துக் கன்ட்ரோலர் மூன்று நொடிக்கு ஒருமுறை எல்லோரிடமும் வாட் கேட்டுக் கூட்டும். மேல்மட்டம் ஒன்பது நொடிக்கு ஒருமுறை. எல்லையை நெருங்கினால் முதலில் வெப் சர்வர்களை அடக்கும். கேஷ் சர்வர்களைக் கடைசி வரை தொடாது, ஒரு கேஷ் சர்வர் தடுமாறினால் அதன் பின்னால் பலர் தடுமாறுவார்கள் என்பதால். ஆறு மாதத்தில் 18 மின்தடைகள் வராமல் தடுத்ததாக அந்தக் கட்டுரை சொல்கிறது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அடக்கத் தொடங்கும் எண், அடக்கிக் கொண்டுவர வேண்டிய எண், விடுவிக்கும் எண், மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரே எண்ணை வைத்தால் அடக்கியதும் லோடு இறங்கும், இறங்கியதும் விடுவிக்கும், விடுவித்ததும் ஏறும். இரவு முழுக்க ஊஞ்சல்தான். வரவின் 97 சதவீதத்தில் அடக்கத் தொடங்கி, 93-க்குக் கொண்டுவந்து, 88-க்குக் கீழே போனால்தான் விடுவிப்பது என்று தொடங்கிப் பாருங்கள். பிறகு உங்கள் லோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்து மாற்றலாம்.

ஜிபியு ரேக்குகள்

என்விடியாவின் எச்100 ஜிபியு, எஸ்எக்ஸ்எம் வடிவத்தில் 700 வாட் வரை எடுக்கும். எட்டு எச்100 உள்ள டிஜிஎக்ஸ் பெட்டி ஒன்றுக்கு 10.2 கிலோவாட். நாம் மேலே பார்த்த முழு ரேக்கைவிட ஒரு பெட்டி அதிகம் குடிக்கிறது. அதில் பவர் சப்ளை ஆறு. நான்கு வேலை செய்தே ஆக வேண்டும். ஏ பக்கம் மூன்று, பி பக்கம் மூன்று என்று மாட்டிவிட்டு, இரண்டு பாதை இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு பக்கம் போனால் மிச்சம் மூன்றுதான். மூன்று பாதைகளை இழுத்து, பாதைக்கு இரண்டாக மாட்டுவதுதான் சரி. இதை வரம்பால் ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜிபியுவுக்கு வரம்பு வைப்பது எளிது. என்விடியாவின் எஸ்எம்ஐ கருவியில் ஒரு வரிக் கட்டளை. கார்டு ஏற்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களையும் அதுவே காட்டும். எட்டுக் கார்டையும் 700-இலிருந்து 500-க்கு இறக்கினால் பெட்டிக்கு 1,600 வாட் மிச்சம். வேகம் அதே விகிதத்தில் விழாது. எம்ஐடியின் லிங்கன் ஆய்வகம் ஜிபியுக்களை 150 வாட்டுக்குக் கட்டிப்போட்டு பெர்ட் மொழி மாதிரியைப் பயிற்றுவித்தபோது, 80 மணி நேர வேலை 82 மணி நேரமானது. உங்கள் வேலைக்கு இதே எண் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெட்டியில் மூன்று வரம்புகளை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பயிற்சி வேலையில் எல்லா ஜிபியுவுக்கும் ஒரே வரம்பு வையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எல்லாம் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் என்பதால், ஒரு பெட்டியை மட்டும் இறுக்கினால் மற்ற அத்தனையும் அதற்காகச் சும்மா நிற்கும். இந்தக் காத்திருப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. லாமா 3 மொழி மாதிரியை 16,000 எச்100-களில் பயிற்றுவித்தபோது எல்லாம் ஒரே நொடியில் நிற்பதும் ஒரே நொடியில் ஓடுவதுமாக இருந்ததால், டேட்டா சென்டரின் லோடு பத்துக் கணக்கான மெகாவாட் அளவுக்கு ஏறி இறங்கியது என்று மெட்டா 2024-இல் எழுதியது. வரம்பு மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. ஜெனரேட்டரில் ஓடும்போது தொல்லை கொடுப்பது இந்த ஏற்ற இறக்கம்தான்.

பயிற்சி முடிந்த மாதிரிகள் பதில் சொல்லும் சர்வர்களில் நிலைமை இளக்கமானது. கேள்வியைப் படிக்கும் கணத்தில் மின்தேவை குத்தென்று ஏறும், பதிலைச் சொல் சொல்லாக எழுதும் நீண்ட நேரத்தில் இறங்கியே இருக்கும். பல சர்வர்களின் குத்துகள் ஒரே கணத்தில் விழுவது குறைவு. வரம்பு வைத்துக் கொஞ்சம் தாராளமாக ரேக்கை நிரப்பத் தகுந்த இடம் இது.

இழுத்துப் பாருங்கள்

கணக்கு போட்டாயிற்று, வரம்பு வைத்தாயிற்று. இனி ஏ பக்கத்தை அணைத்துப் பார்க்க வேண்டும். அறிவித்த பராமரிப்பு நேரத்தில், எல்லாச் சர்வரிலும் செயற்கை லோடு ஓடும்போது அணையுங்கள். சும்மா இருக்கும் ரேக்கில் அணைத்தால் எதுவும் விழாது, எதுவும் தெரியவும் தெரியாது. பி பக்க ஆம்ப்ஸை அரை மணி நேரம் பாருங்கள். 25.6-ஐத் தாண்டக்கூடாது. எம்சிபியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், வெப்பக் கேமரா இருந்தால் பிடித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் முதல் ஐந்து நொடியிலேயே ஒரு சர்வர் முழுதாக அணைந்துபோகும் வாய்ப்பு அதிகம். காரணம் பெரும்பாலும் வரம்பாக இருக்காது. அதன் இரண்டு வயரும் ஒரே பிடியூவில் சொருகப்பட்டிருக்கும். ஏ பக்கத்துக்குச் சிவப்பு வயர், பி பக்கத்துக்கு நீல வயர் என்று வாங்குங்கள். கறுப்பு வயர்க் குவியலில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து இரண்டு பக்கத்தையும் அணைத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். எல்லாச் சர்வரும் ஒன்றாக எழும்போது விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும், டிஸ்குகள் சுழலத் தொடங்கும், பிஎம்சியே இன்னும் விழித்திருக்காது என்பதால் வரம்பும் இருக்காது. மின்சாரம் திரும்பியதும் எத்தனை நொடி கழித்து எழ வேண்டும் என்ற அமைப்பு பயாஸில் இருக்கும். சர்வர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் 30 நொடி இடைவெளி விடுங்கள். டேட்டாபேஸ் முதலில், வெப் கடைசியில்.

ஏசிக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சர்வர் எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வருகிறது. 3.5 கிலோவாட் என்பது ஒரு டன் ஏசி. நம் ரேக்கின் 5,600 வாட்டுக்கு 1.6 டன் வேண்டும். 2022 ஜூலை 19-ஆம் தேதி லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது குளிரூட்டும் கருவிகள் தாங்காமல், கூகுளும் ஆரக்கிளும் அங்கே தங்கள் கருவிகளில் ஒரு பகுதியை நிறுத்த வேண்டியிருந்தது. ஏசி ஒன்று போய், மாற்று வரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் எல்லாச் சர்வரின் வரம்பையும் தற்காலிகமாக இறக்கும் இன்னொரு ஸ்கிரிப்டைத் தயாராக வைத்திருங்கள். அணைப்பதைவிட அது மேல்.

கடைசியாக, மதர்போர்டு மாற்றும்போது பிஎம்சியும் புதிது. அதில் வரம்பு காலியாக வரும். ஃபர்ம்வேர் மேம்படுத்தும்போதும் சில சமயம் அழியும். ஜிபியு வரம்பு ஒவ்வொரு ரீபூட்டிலும் போகும், அதை பூட் ஆகும்போதே வைக்கும்படி எழுத வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாப் பிஎம்சியிலிருந்தும் வரம்பைப் படித்து, எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் மெயிலில் அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடட்டும். பட்டியலில் சர்வரின் பெயர், வரம்பு, அளந்த மூன்று எண்கள், அளந்த தேதி, அன்றைய அறை வெப்பம், வரம்பை மாற்ற யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். அதன் ஒரு நகலை ரேக்கின் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் புதுச் சர்வரைத் தூக்கிக்கொண்டு வருபவர், 5,888-இல் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும்.